முதலெழுத்தா, தலையெழுத்தா?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டளைகள் எழுதிப் பக்கங்களை அச்சுக்குக் கோக்கும் லேட்டெக் மென்பொருளில் தமிழ் ஆய்வறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் துணைநிரலான 'குளோசரீஸ்' பொதியில் வந்து நின்றுவிட்டேன். அது செய்யும் வேலை இதுதான்: இ.போ.ச.வையும் அதன் முழுப்பெயரையும் கோப்பின் தொடக்கத்தில் ஒருதரம் பதிந்துவிட்டால், முதல் வருகிற இடத்தில் 'இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.)' என்று விரித்து அச்சிடும். அதற்குப் பிறகு எங்கே வந்தாலும் வெறும் 'இ.போ.ச.'தான். கேட்டால் கடைசியில் பட்டியலும் போட்டுத் தரும்.

இதைத் தமிழில் விளக்க அக்ரோனிம் (இ.போ.ச. போன்றது), குளோசரி (சொற்களும் பொருளும் தரும் பட்டியல்), ஃபர்ஸ்ட் யூஸ் (முதல்தரம் வருவது) மூன்றுக்கும் சொல் வேண்டும். முதலாவதற்கு நான் சேர்த்து வைத்திருப்பவை: அஃகுப்பெயர், குறுக்கம், தொகைப்பெயர், சுருக்கெழுத்து, தலையெழுத்துப்பெயர். எதை எடுக்கலாம்?

— நிலாவெளி வீதி, திருகோணமலை

*

தம்பிக்கு,

கடைசியில் இருந்து வருகிறேன். தலையெழுத்துப்பெயர் வேண்டவே வேண்டாம். சாதகம் கணிக்கிற மென்பொருள் என்று நினைத்துவிடுவார்கள். சுருக்கெழுத்தும் சரிவராது. கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த என் மைத்துனர் இன்னும் உயிரோடு இருக்கிறார். குறுக்கம் இலக்கணத்தில் மாத்திரை குறைவது. ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் படித்த பிள்ளை குழம்பும். தொகை என்றால் வினைத்தொகை, உவமைத்தொகை. அஃகுப்பெயரில் பிழை இல்லை, அஃகுதல் சுருங்குதல்தான். ஆனால் அந்தச் சொல்லை விளக்க முதலில் ஒரு குளோசரி போட வேண்டிவரும்.

இன்னொன்று. நம் ஊரைத் திருமலை என்கிறோம். அதுவும் சுருங்கியதுதான், ஆனால் அது மரூஉ. பள்ளிக்கூடப் பெயர்களுக்கு முன்னால் போடுகிற 'தி/' வேறு சங்கதி. நீங்கள் எடுக்கும் சொல் 'தி/'யை உள்ளே விட வேண்டும், திருமலையை வெளியே நிறுத்த வேண்டும்.

'முதலெழுத்து' என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: முதலெழுத்து என்பது உயிர் 12, மெய் 18, ஆக 30. மற்றவை சார்பெழுத்து.

ஃபர்ஸ்ட் யூஸுக்கு 'முதலாட்சி' எப்படி? சொல்லாட்சி போல.

— உப்புவெளி

*

மாஸ்டருக்கு நன்றி. முதலாட்சியை நண்பனிடம் சொன்னேன். முதலாளிமார் ஆட்சியா என்று கேட்டான். 'முதல்வரவு' என்று வைத்துக்கொள்கிறேன்.

முழுப்பெயரைக் கொடுத்தால் சுருக்கத்தைத் தானே எடுக்கட்டும் என்று நேற்றிரவு ஒரு மாக்ரோ, அதாவது சின்னக் கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தை எடுத்துப் புள்ளி வைப்பதுதான் வேலை. இலங்கைப் போக்குவரத்துச் சபை 'இ.ப.ச.' ஆனது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை நான் 'பல', 'நோக்கு' என்று பிரித்துக் கொடுத்தும் ப.நோ.கூ.ச. வரவில்லை, 'ப.ந.க.ச.' வந்தது. யூனிகோடில் 'போ' ஓர் எழுத்து அல்ல, 'ப'வும் ஓகாரக் குறியும் சேர்ந்தது. என் மாக்ரோ 'ப'வை எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிட்டது.

*

சேர், தம்பி, இருவருக்கும் வணக்கம். நான் டவுனில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவள். இலக்கணம் சேருக்கு விட்டுவிடுகிறேன்.

தம்பியின் மாக்ரோ பிழைத்த இடத்தில்தான் சொல் இருக்கிறது. நாங்கள் எடுப்பது முழு உயிர்மெய்யை. அதனால் இ-போ-ச என்று எந்தக் குழந்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லாக வாசிப்பதற்கு ஒரு பெயர், எழுத்தெழுத்தாக வாசிப்பதற்கு இன்னொரு பெயர். நமக்கு அந்தப் பிரிவினையே தேவையில்லை, ஒரு சொல் போதும்.

என் வாக்கு 'முதலெழுத்துச் சுருக்கம்'. சேர் கோபிக்க வேண்டாம். இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்து உயிர் 12, மெய் 18 என்று நிரப்பியவர் எவரும் இல்லை. 'பெயர்' என்று முடிக்காததற்குக் காரணம் மு.ப., பி.ப. இரண்டும், அவை நேரத்தைச் சொல்பவை, பெயர் என்று எப்படிச் சொல்வது?

குளோசரிக்கு 'அருஞ்சொற்பொருள்'. சொல்லடைவு என்றால் பக்க எண் மட்டும். சொற்றொகுதி என்றால் எனக்கு அரசகரும மொழித் திணைக்களத்தின் ஆங்கிலம்–தமிழ்ப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. சுருக்கங்களுக்குத் தனிப் பட்டியல் போடவும் அந்தப் பொதியில் வசதி உண்டு. அதற்குச் 'சுருக்க விரிவு' என்று தலைப்பு வையுங்கள்.

அகரவரிசையை நம்பிவிடாதீர்கள். கரைவலைச் சொற்கள் பற்றிய ஒரு சிறுநூலுக்கு இதைப் பயன்படுத்தினேன். வலை, வழி, வள்ளம் என்று வரவேண்டியது வலை, வள்ளம், வழி என்று வந்தது. யூனிகோடில் ளகரம் ழகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் வரிசையைத் தீர்மானிக்கும் 'சோர்ட்' புலத்தில் 001, 002 என்று எண் கொடுத்துத்தான் தப்பினேன்.

பெரிய தலையிடி இனித்தான். 'சபையில்' என்று எழுத வேண்டிய இடத்தில், பெயரை வரவழைக்கும் கட்டளைக்குப் பின்னால் 'இல்' ஒட்டினால் 'இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.)இல்' என்று நிற்கும். விரிவுக்கு யகரம் வேண்டும், சுருக்கத்துக்கு வகரம் வேண்டும்: சபையில், இ.போ.ச.வில். பொதியை எழுதியவருக்கு ஆங்கிலப் பன்மை மட்டுமே கவலை. ஒன்றும் கொடுக்காவிட்டால் இ.போ.ச.வுக்குப் பின்னால் ஓர் ஆங்கில 'எஸ்' போட்டுவிடும். ஆகவே நான் அந்தப் பன்மைப் புலங்களைத் திருடினேன். நீண்ட பன்மையில் 'சபையில்', குறும் பன்மையில் 'இ.போ.ச.வில்'. பன்மைக் கட்டளையைக் கூப்பிட்டால் முதல்தரம் விரிவும் பிறகு சுருக்கமும் உருபோடு வரும்.

*

பிள்ளைக்கு,

படிவத்தைக் காட்டி என்னை மடக்கிவிட்டீர்கள். முதலெழுத்துச் சுருக்கம் இருக்கட்டும். ஆனால் உங்கள் திருட்டில் முதல்தரம் 'சபையில் (இ.போ.ச.வில்)' என்று அடைப்புக்குள்ளும் உருபு வருமே? அது கண்ணை உறுத்துகிறது. வேற்றுமை எட்டு, நீங்கள் திருடியது ஒரே ஒரு வீடு. மற்றவற்றை எங்கே வைப்பீர்கள்?

*

சேர், 'யூசர்' என்று ஒன்று முதல் ஆறு வரை சும்மா கிடக்கும் புலங்கள் உண்டு. எழுவாய்க்கும் விளிக்கும் உருபு வேண்டாம், மிச்சம் ஆறு. கணக்குச் சரி. ஆனால் அவை முதல்வரவா இல்லையா என்று தாமாகப் பார்க்காது; 'பயன்பட்டதா' என்று கேட்கிற கட்டளையை நாங்களே எழுதிச் சேர்க்கவேண்டும். எழுதினால் அடைப்புக்குள் இருக்கும் உருபையும் கழற்றிவிடலாம். இந்தப் புலங்களுக்குத் தமிழில் என்ன சொல்வது?

*

உருபேற்ற வடிவம். இதற்கு விவாதமே வேண்டாம்.