ப்ளூடூத் பேடில் டாஷ் தாமதமாகப் போகிறது, உதவி தேவை

நண்பர்களே, செலஸ்ட், ஹாலோ நைட் என்ற இரண்டு கேம்களையும் லேப்டாப்பில் ப்ளூடூத் கேம் பேடு வைத்து ஆடவே முடியவில்லை. மூன்று வாரமாக இப்படி. பட்டனை அழுத்திக் கால் நொடி கழித்துத்தான் டாஷ் (சட்டென்று பாயும் அசைவு) போகிறது. சில சமயம் ஸ்டிக்கை விட்ட பிறகும் செலஸ்டின் நாயகி மேடலின் இடப்பக்கமே ஓடி முள்ளில் விழுகிறாள். ஸ்டார்டூ வேலி என்ற விவசாய கேமில் இது தெரிவதே இல்லை, அங்கே அவசரம் கிடையாது. செலஸ்டில் ஒரு பிரேம் (திரையில் ஒரு படம்) சுமார் 17 மில்லிசெகண்ட். கால் நொடி என்றால் 15 பிரேம் போச்சு. அவ்வளவு அழகாகக் கட்டிய விளையாட்டை இப்படி ஆட மனசு வரவில்லை.

விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில். ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஊர் செங்கோட்டை.

கீபோர்டில் தாமதமே இல்லை, அதனால் கேமில் குறை இல்லை. பேட்டரி புதுசு. டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டாச்சு. டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத்தின் பவர் சேமிப்பு டிக்கை எடுத்தாச்சு. ஸ்டீம் ஆப்பின் பேடு அமைப்பான ஸ்டீம் இன்புட்டை அணைத்தும் பார்த்தாச்சு. வைஃபையை அணைத்தால் பாதி சரியாகிறது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம். ப்ளூடூத்தும் என் வைஃபையும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே அதன் ரேடியோ இரைச்சலும் விழும். கேபிள் போட்டால் கச்சிதம், ஆனால் பேடின் மைக்ரோ யூஎஸ்பி வாய் லூசாகி, கை அசைந்தாலே துண்டிக்கிறது.

தனி ப்ளூடூத் டாங்கிள் வாங்கி, ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால், வைஃபை ஓடும்போதே இந்தத் தாமதம் முழுதாகப் போகுமா?