ஆப்பை இறுக்கினால் சிலிண்டர் சுற்றவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெக்சஸில் இருக்கிறேன். 1860 கோல்ட் ஆர்மி ரிவால்வரின் புதிய இத்தாலிய நகல் ஒன்றைப் போன வாரம் வாங்கினேன். கருமருந்துத் துப்பாக்கி எனக்கு இதுதான் முதல். குழலை ஆர்பரோடு (சிலிண்டர் சுழலும் நடு அச்சு) பிணைக்கும் ஆப்பை விரலால் தள்ளினால் எல்லாம் சரி. லேசாகத் தட்டி இறுக்கினால் குழல் பின்னால் வந்து சிலிண்டரோடு உரசுகிறது, ஹேமரை இழுக்கவே முடிவதில்லை.

குழலைப் பக்கவாட்டில் திருப்பி ஆர்பரில் கடைசிவரை செருகிப் பார்த்தேன். குழலின் அடிப்பாகம் ஃபிரேம்மீது ஏறுகிறது. அப்படியானால் ஆர்பர் குட்டை, குழலில் அது நுழையும் துளையின் அடியில் முட்டவில்லை, இல்லையா? பழைய கோல்ட்டில் அது முட்டி நிற்கும். ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி மாறாது.

துளைக்குள் எஃகு வாஷர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்துச் சரிசெய்தவர்கள் யாராவது உண்டா? அது நிலைக்குமா, அல்லது ஆர்பர் நுனியில் திருகாணி வைப்பது மேலா? சிலிண்டர் இடைவெளி எவ்வளவு விட்டீர்கள்? சரியாகும்வரை மருந்து போட்டுச் சுடப்போவதில்லை.