குழாய் விட்டது பாதி வேலைதான்

குழு: கனகராயன்குளம் – எங்கட ஒழுங்கை

நிலா: பெருங்குடல் முறுகி வயிறு ஊதின ஐயாக்கு நேற்று மலவாசலால குழாய் விட்டவுடன காத்தும் தண்ணியுமாப் போய் வயிறு வத்தீட்டுது. இப்ப கஞ்சி கேக்கிறார். நாளைக்குத் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) வீட்டை கூட்டிப்போவம் எண்டு தம்பி நிக்கிறான். டொக்டர்மார் சத்திரசிகிச்சை வேணுமாம். 76 வயசு. தேவைதானா?

சாந்தி மிஸ்ஸி (நேர்ஸ்): துண்டு வெட்ட விடாதேங்கோ நிலா. முறுக்குத்தான் அவிண்டிருக்கு, முறுகிற குடல் அப்பிடியே கிடக்கு.

ரூபன் டொக்டர்: ஓம். பெருங்குடல் முடியிற இடத்தில சிக்மொய்ட் எண்டொரு வளையம். வருசக்கணக்கா மலச்சிக்கல் இருந்த ஆக்களுக்கு அது நீண்டு தொங்கும். ஆனா அதைத் தாங்கிற சவ்வின்ர அடி ஒடுங்கல். நிறைஞ்ச நெல்லுச் சாக்கின்ர கழுத்தைப் பிடிச்சுத் திருகினமாதிரி அந்த அடியில சுத்தும். அரைச்சுத்தில வழி அடைபடும். முழுச்சுத்து வந்தா பெரும்பாலும் இரத்த ஓட்டமும் நிண்டுபோம். அதுக்குப் பிறகு குடல் அழுகிறதுக்கு நாள்க்கணக்கு வேண்டாம், மணித்தியாலங்கள் காணும்.

கணேஸ் அண்ணை (பாமசி): எக்ஸ்ரேயில காப்பிக்கொட்டை மாதிரித் தெரிஞ்சதாமே?

ரூபன் டொக்டர்: அதுதான் அடையாளம் அண்ணை. நடுவில தெரியிற தடிச்ச கோடு, ஊதின வளையத்தின்ர ரெண்டு பக்கச் சுவரும் ஒட்டி நிக்கிற இடம். சீரி ஸ்கானில இரத்தக்குழாயள் சுழி மாதிரித் தெரியும். குடல் செத்திருக்கோ எண்டதுக்கும் ஸ்கான் உதவும்.

நிலா: அப்ப குழாய் மட்டும் காணாதா?

ரூபன் டொக்டர்: கமராக் குழாய் உள்ள போகேக்க குடலின்ர உட்தோலைப் பாப்பம். இளஞ்சிவப்பா இருந்தா முறுக்கை அவிட்டு, காத்துப்போக ஒரு குழாயை உள்ள 1 முதல் 3 நாள் விடுவம். கறுத்திருந்தா அவிழ்க்காமல் நேர தியேட்டர். ஐயாக்கு நல்ல நிறம், அது அதிஷ்டம். ஆனா அவிட்டு விட்ட ஆக்களில ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப முறுகும். அடுத்தமுறை நடுச்சாமத்தில உள்ளூர்ப் பாதையால வரவேண்டி வந்தா, அழுகின குடலோட அவசர ஒப்பரேசன். இப்ப செய்தா வயிறு வத்தியிருக்கு, இரத்தத்தில பொட்டாசியத்தைச் சரிபண்ணலாம், இருதயத்தைப் பாக்கலாம். இந்த முறை ஆஸ்பத்திரியில இருக்கேக்கயே ஒப்பரேசனை முடிக்கிறது நல்லது.

கணேஸ் அண்ணை (பாமசி): வெட்டாமல் தைச்சு ஒட்டி விடேலாதா?

ரூபன் டொக்டர்: செய்யிறவை. ஆனா நீண்ட வளையம் உள்ளதான் இருக்கும், திரும்ப முறுகிற வாய்ப்புக் கூட. வளையத்தை வெட்டி எடுத்து ரெண்டு நுனியையும் இணைக்கிறதுதான் நிரந்தரம். குடல் செத்திருந்தா அவசரமா வெட்டி, மேல்நுனியை வயித்துத் தோலுக்குக் கொண்டுவந்து மலம் போகப் பை போடவேணும். அப்ப முறுக்கை அவிழ்க்காமல் முதல்ல இரத்தக்குழாயளைக் கட்டுவினம். அவிட்டா அதுக்குள்ள தேங்கின நஞ்சு முழுக்க உடம்புக்கை போம்.

முத்து அக்கா: எங்கட மருமோளின்ர குழந்தைக்கு 12 நாள். பாலோட பச்சையாச் சத்தி எடுக்குது.

ரூபன் டொக்டர்: அக்கா இப்பவே 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பச்சைச் சத்தி எண்டா, இல்லையெண்டு நிரூபிக்கும்வரை சிறுகுடல் முறுகியிருக்கலாம் எண்டுதான் நினைக்கவேணும். வயிறு ஊதாட்டிலும் நம்பாதேங்கோ. வாயால ஒண்டும் குடுக்கவேண்டாம்.

முத்து அக்கா: வெளிக்கிடுறம்.

சாந்தி மிஸ்ஸி: நிலா, ஐயான்ர கிளினிக் கொப்பியையும் மருந்துப் பெட்டியையும் வாட்டுக்குக் கொண்டுபோங்கோ. சீனி வருத்தக் குளிசை, இரத்தம் இளக்கிற குளிசை எது எடுக்கிறார் எண்டு மயக்க மருந்து டொக்டருக்குத் தெரியவேணும். டொக்டர் சொல்லாமல் கஞ்சி குடுக்காதேங்கோ. விளக்கெண்ணையும் பேதிக்குளிசையும் கிட்டவும் வரக்கூடாது. ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் கிழமையில காய்ச்சல், நாடி வேகம், வயித்து நோ கூடினா இணைச்ச இடம் கசியலாம், உடன மிஸ்ஸியைக் கூப்பிடுங்கோ.

நிலா: சரி மிஸ்ஸி. தம்பிக்கு உதை அப்பிடியே காட்டினன். காலமை கையெழுத்து வைக்கிறம்.

சாந்தி மிஸ்ஸி: இண்டைக்கு இரவு தொடையோட ஒட்டின பிளாஸ்ரரைப் பாத்துக்கொள்ளுங்கோ. உருண்டு படுக்கேக்கதான் குழாய் இழுபட்டு வெளிய வாறது.