மறைவுச் சுழி: ‘ரோட்டார்’ என்பதற்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

பாராகிளைடர் (துணி இறக்கையில் தொங்கியபடி பறக்கும் கருவி) பாதுகாப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், கட்டடத்துக்குப் பின்னால் புரளும் காற்றைக் குறிக்கும் ‘ரோட்டார்’ என்பதற்குச் ‘சுழலி’ என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். கட்டடங்களை ஒட்டித் தாழப் பறப்பதைத் ‘தாழ்பறப்பு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் விதிகளை எழுத வசதி என்று இன்னொரு நண்பர் சொல்லியிருந்தார். இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுழலி. மின்மோட்டாருக்குள் சுற்றுவது சுழலி, ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றுவதும் சுழலி. நாம் பேசுவது அது இல்லை. ஒரு கட்டடத்தின் மீது காற்று மோதி, மேலே ஏறி, கூரையைத் தாண்டியதும் மறுபக்கம் ஒழுங்காக இறங்க முடியாமல் உருண்டு புரண்டு, சில நேரம் தரையோரமாகத் திரும்பிக் கட்டடத்தை நோக்கியே வருமே, அந்தக் காற்றுப் புரளல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது அவர்கள் பாடு, அந்தக் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தவிர, கணினி, சுழலி என்று இகரத்தில் முடியும் இந்த மாதிரிச் சொற்களைக் கேட்டாலே ஒரு கருவிதான் மனதில் வருகிறது. கட்டடத்துக்குப் பின்னால் இருப்பது கருவி அல்ல, கண்ணுக்கே தெரியாத ஒன்று. பயிற்சிக்கு வருகிறவருக்கு அதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

சரி, அப்படியானால் என்ன சொல்? நானும் ஒரு தவறு செய்தவன்தான். சில காலம் முன்பு புதிதாகப் பறக்கக் கற்பவர்களுக்காக ஒரு நான்கு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதினேன். காற்று வந்து மோதும் பக்கத்துக்குக் ‘காற்று முகப்பு’ என்றும், அதற்கு எதிர்ப்பக்கத்துக்குக் ‘காற்று மறைவு’ என்றும் போட்டேன். பள்ளிப் புவியியலில் மழை மறைவுப் பகுதி என்று படித்திருக்கிறோம் அல்லவா, அந்த வழியில் வந்த சொல். இலக்கணமும் சரி, பொருளும் சரி, எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாணவர் அதைப் படித்துவிட்டு வந்து கேட்டார்: “அப்போ பலமாகக் காற்று அடிக்கும்போது கட்டடத்தின் மறைவில் இறங்கினால் பாதுகாப்புதானே?”

தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அவர்மேல் தவறே இல்லை. மறைவு என்றால் ஒதுங்கும் இடம். மழைக்கு மறைவாக நிற்கிறோம், வெயிலுக்கு மறைவாக நிற்கிறோம். தரையில் நிற்பவனுக்குக் காற்று மறைவும் அப்படித்தான், தலைமுடிகூடக் கலையாது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. பாராகிளைடரின் இறக்கையைத் தாங்கிப்பிடிக்கும் விறைப்பான சட்டம் எதுவும் இல்லை, முன்விளிம்பு வழியாக உள்ளே புகும் காற்றின் அழுத்தத்தில்தான் அது இறக்கையாக நிற்கிறது. காற்று திடீரென்று மேலிருந்து அழுத்தினால் ஒரு பக்கம் மடிந்துவிடும். உயரம் இருந்தால் அது தானாகவோ விமானியின் கைவேலையாலோ மறுபடி விரிந்துகொள்ளும். தொடக்கநிலை இறக்கைகள் பெரும்பாலும் தாமாகவே விரிகிற மாதிரிதான் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் விரிவதற்குள் இறங்கிவிடும் மீட்டர்களை யார் கொடுப்பது? 30 மீட்டரிலிருந்து விழும் கல் தரையைத் தொட இரண்டரை நொடிதான் ஆகும். அதற்குள் அவசரப் பாராசூட்டின் கைப்பிடியைத் தேடி, இழுத்து, வீசி, அது விரிந்து... நடக்காத கதை.

ஆக, பக்கத்தின் பெயராகக் காற்று மறைவு இருக்கலாம், அங்கே இருக்கும் ஆபத்துக்குத் தனிப் பெயர் வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டதும் கால் பின்வாங்க வேண்டும். என் பரிந்துரை: மறைவுச் சுழி.

‘சுழல்’ என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். சுழல்காற்று என்றதும் எல்லோருக்கும் சூறாவளிதான் நினைவுக்கு வருகிறது, வானிலைச் செய்தி மாதிரி ஆகிவிடும். சுழி வேறு. ஆற்றில் குளித்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் சுழி தெரியும், அதைப் பற்றி யாரும் விளக்கவே வேண்டாம். பாலத்துத் தூணுக்குப் பின்னால், பெரிய பாறைக்குப் பின்னால், மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக இருக்கும், இறங்கினால் உள்ளே இழுக்கும். கட்டடத்துக்குப் பின்னால் காற்று செய்வதும் ஏறக்குறைய அதேதான், கட்டடத்தைத் தூணாகவும் காற்றை ஆறாகவும் நினைத்துக்கொண்டால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. சுழி என்றால் பூஜ்யம் என்றும் பொருள் உண்டே என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும். இருக்கட்டும், ‘மறைவு’ முன்னால் ஒட்டியிருக்கும்போது எவரும் அதைப் பூஜ்யம் என்று படிக்கப்போவதில்லை.

இன்னொரு வசதி, இதே குடும்பத்தில் மற்ற சொற்களையும் கட்டலாம். பறந்துபோகும் விமானமோ இன்னொரு பாராகிளைடரோ தனக்குப் பின்னால் விட்டுச்செல்லும் கலக்கத்துக்குப் ‘பின்சுழி’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று நெருக்குண்டு வேகம் பிடிப்பதற்கு நாம் எதுவும் உருவாக்கவே வேண்டாம், ‘சந்துக் காற்று’ என்று சொன்னாலே புரிகிறது. கூரை விளிம்பிலும் அதே கதைதான், அங்கே மேலே ஏறும் காற்று நெருங்கி வேகம் கூடும். கட்டடத்தின் முன்பக்க ஏறுகாற்றில் சுகமாக மிதந்துகொண்டிருப்பவர் இதைத்தான் மறக்கிறார். சாதாரணமாகப் பறக்கையில் பாராகிளைடரின் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர். கீழே காற்று 30 இருந்தால் முன்னே நகர 5 முதல் 10 மிச்சம். கூரை மட்டத்துக்கு ஏறியதும் காற்று 40 ஆகிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை, கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தவர் முதுகுப்பக்கமாகக் கூரைமேல் தள்ளப்படுகிறார்... மன்னிக்கவும், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, காற்றைப் பார்த்தபடி இருந்தவர். எழுதும்போதே எனக்குத் திசை குழம்புகிறது, பறக்கும்போது கேட்க வேண்டுமா! கூரையைத் தாண்டித் தள்ளப்பட்டால் போய்ச் சேரும் இடம் மறைவுச் சுழி.

இப்போது ‘தாழ்பறப்பு’க்கு வருகிறேன். இதில் என் எதிர்ப்பு சொல்லழகு பற்றியது இல்லை. தாழ்வு என்பது மேல் கீழ் கணக்கு மட்டுமே. வான் விதிகளோ இரண்டு விதமாக அளக்கின்றன, இந்த ஒரு சொல் இரண்டையும் குழைத்துவிடுகிறது.

பன்னாட்டு வான்போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கும் பொது விதி இப்படிப் போகிறது. கண்பார்வையை நம்பிப் பறக்கும் வானூர்தி, ஊர்களின் நெருக்கமான பகுதிகளுக்கு மேலோ திறந்தவெளிக் கூட்டத்துக்கு மேலோ பறந்தால், தன்னைச் சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான கட்டடத்துக்கோ கோபுரத்துக்கோ மேலே 300 மீட்டர் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரைக்கோ நீருக்கோ மேலே 150 மீட்டர். கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் விலக்கு உண்டு, அதிகாரம் உள்ளவர்கள் அனுமதி தந்தாலும் விலக்கு உண்டு. பிரிட்டன் போன்ற நாடுகளில் கணக்கு வேறு மாதிரியும் வரும்: எந்த ஆளுக்கும், படகுக்கும், வண்டிக்கும், கட்டடத்துக்கும் 500 அடிக்குள், அதாவது 150 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது. இது மேலே கீழே என்ற பேச்சே இல்லை, எல்லாப் பக்கமும் அளக்கும் தூரம். அமெரிக்காவில் பாராகிளைடர்கள் அடங்கும் 1982ஆம் ஆண்டில் வந்த, வான் விதித்தொகுப்பின் 103ஆம் பகுதியோ உயரக் கணக்குக்கே போகவில்லை, நெருக்கமான ஊர்ப்பகுதிக்கு மேலும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு மேலும் பறக்கவே கூடாது என்று முடித்துவிட்டது. ஒவ்வொரு நாடும் பாராகிளைடருக்குத் தனியே விதி வைத்திருக்கலாம் என்பதால் கையேட்டில் எண்களைவிட அளக்கும் முறைதான் தெளிவாக வர வேண்டும்.

அதனால் இரண்டு சொற்கள் தருகிறேன். கீழே இருப்பதற்கு மேலே விட வேண்டிய அளவு ‘மேலிடைவெளி’. எல்லாப் பக்கமும் விட வேண்டிய அளவு ‘சுற்றிடைவெளி’. இடைவெளி என்ற சொல் பேருந்தின் பின்புறத்திலேயே எழுதியிருக்கிறது, புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

‘குறைந்தபட்ச உயரம் 300 மீட்டர்’ என்று எழுதினால் என்ன ஆகும் பாருங்கள். படிப்பவர் உயரம் காட்டும் தன் கருவியில் 300 தெரிந்தால் போதும் என்று நினைப்பார். அந்தக் கருவி பல நேரம் கடல்மட்டத்திலிருந்து கணக்குச் சொல்லும், அது ஒரு தனித் தலைவலி. அதை விட்டுவிட்டாலும், அவருக்கு நேர் கீழே இருப்பது மாடி வீடு, ஆனால் 500 மீட்டர் தள்ளி 90 மீட்டர் கோபுரம் ஒன்று நிற்கிறது என்றால், சமதரையில் அவர் இருக்க வேண்டிய உயரம் 390 மீட்டர். ‘மேலிடைவெளி 300 மீட்டர்’ என்று எழுதினால் எதற்கு மேல் என்று தானாகவே கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் போதும்.

எதற்கு 300 என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு. அவசரம் என்றால் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்தில்லாமல் இறங்க இடம் வேண்டும் என்பதே விதியின் நோக்கம். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும் இறக்கை, அசையாத காற்றில் 300 மீட்டரிலிருந்து 2400 மீட்டர் போகும். எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் அடித்தால், இறக்கையின் வேகம் 38இல் 25 போக மிச்சம் 13தான், தூரமும் அதே விகிதத்தில் சுருங்கி 800 மீட்டர் சொச்சம் ஆகிவிடும். ஊரைத் தாண்ட அது போதுமா என்பதைப் பறப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும், சொற்களைப் பிரித்ததால்தான் இதைச் சொல்லவே முடிகிறது. சுற்றிடைவெளி எல்லாத் திசையிலும் ஒரே அளவு. மறைவுச் சுழி அப்படி இல்லை, காற்று போகும் பக்கமாக மட்டும் நீளும். கட்டடத்தின் உயரத்தைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு தூரம் வரைகூட எதிர்பார் என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள், காற்று பலமானால் இன்னும் மோசம். 40 மீட்டர் கட்டடம் என்றால் 200 முதல் 400 மீட்டர். ஆக, சட்டப்படி 150 மீட்டர் தள்ளி இருக்கும் ஒருவர் சுழிக்குள்ளேயே இருக்கலாம். இறங்கும்போது விதிக்கு விலக்கு உண்டு, சுழிக்கு ஏது விலக்கு? வரிசையாக மரங்களும் மாடிவீடுகளும் நிற்க, அதன் பின்னால் இறங்கு திடல் இருந்தால், சட்டம் ஒன்றும் சொல்லாத அந்தக் கடைசி 20 மீட்டரில்தான் இறக்கை மடியும். ‘தாழ்பறப்பு கூடாது’ என்று ஒரே வரியில் எழுதினால் இவை எல்லாம் அதற்குள் காணாமல் போய்விடும்.

அப்புறம் ‘ஆப்ஸ்டக்கிள்’ என்பதற்குத் தடை என்று பட்டியலில் இருக்கிறது, தயவுசெய்து மாற்றுங்கள். ‘தடைக்கு மேல் 300 மீட்டர்’ என்று படித்தால் என்ன தடை, யார் விதித்தது என்றுதான் தோன்றும். அதுவும் சட்டப் பகுதியில் தடை என்றால் தடையுத்தரவுதான். ‘முட்டுப்பொருள்’ என்று வைக்கலாம், போய் முட்டக்கூடியது எதுவோ அது. மின்கம்பியும் அதில் அடங்கும், கைபேசிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியும் அடங்கும்.

‘கன்ஜெஸ்டட் ஏரியா’தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேலே நான் ‘நெருக்கமான பகுதி’ என்று ஒப்பேற்றியிருக்கிறேன். பட்டியலில் உள்ள ‘நெரிசல் பகுதி’ நிச்சயமாகத் தவறு, நெரிசல் என்றால் ஆட்கள் முண்டியடிப்பது. ஐரோப்பிய விதியில் இதற்கு விளக்கம் உண்டு: ஓர் ஊரில் பெரும்பாலும் குடியிருக்கவோ வணிகத்துக்கோ பொழுதுபோக்குக்கோ பயன்படும் பகுதி. விடியற்காலையில் ஒரு ஈ காக்கை இல்லாத கடைத்தெருவும் இதில் வரும். ‘குடியிருப்புச் செறிவு’ என்றால் கடைத்தெருவும் பொழுதுபோக்கு இடமும் விட்டுப்போகும். நகரம், பேரூர், சிற்றூர் எல்லாவற்றுக்கும் பொதுவாக நம்மிடம் ‘ஊர்’ இருக்கிறதே, ‘ஊர்ப்பரப்பு’ என்று வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை. ஆனால் ஊர்ப்பரப்பு என்றால் ஊர் எல்லைக்குள் உள்ள வயல்வெளியும் சேருமா என்று உடனே கேள்வி வரும், விதிப்படி அது சேராது. ‘ஊர்ச்செறிவு’ என்றால் சரியாக இருக்குமா? கேட்க நன்றாக இல்லைதான். நிலத்தோடு பழகியவர்கள், ஊரில் வீடுகள் கூடி நிற்கும் இடத்துக்கு வேறு வழக்குச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கையேட்டின் அடுத்த வரைவில் மறைவுச் சுழி, மேலிடைவெளி, சுற்றிடைவெளி, முட்டுப்பொருள் நான்கையும் போட்டு, பறக்கவே தெரியாத இரண்டு பேரிடமும் பறப்பவர் இரண்டு பேரிடமும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். ‘மறைவில் இறங்கலாமா’ என்று மறுபடி யாராவது கேட்டால் இங்கே வந்து சொல்கிறேன், வேறு சொல் தேடுவோம்.