செத்தவீட்டுக்கு வந்த பாத்திரங்களை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கொடிகாமத்தான்:
அப்பா காலமாகிவிட்டார். 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் கொழும்பில் வேலை செய்பவன், யாழ்ப்பாணத்து ஊர் நடைமுறை அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அயலட்டைதான் எங்களைப் பார்த்தது. காலமை இடியப்பமும் சம்பலும், மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும், இரவில் புட்டு. இப்போது குசினி முழுக்க அவர்களுடைய சருவச்சட்டியும் சாப்பாட்டுக் கரியரும்தான். சிலவற்றின் அடியில் பெயர் வெட்டியிருக்கிறது, மற்றவை யாருடையவை என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கும் நிலையும் இல்லை. பந்தல் போட்ட பெடியளுக்குக் காசு நீட்டினேன், வாங்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. என்ன செய்வது முறை?

மட்டுவில் அக்கா:
தம்பி, அவசரப்பட வேண்டாம். 31ஆம் நாள் முடியும்வரை துடக்கு, அதாவது தீட்டு. அதுவரை அந்த வீட்டிலிருந்து சாமான் வெளியே போவதை எங்கள் பக்கத்தில் விரும்பமாட்டார்கள். கழுவி, வெயிலில் காயவைத்து அடுக்கிவையுங்கள். பெயர் வெட்டாததைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரிடமாவது காட்டினால் போதும், விளிம்பிலுள்ள நெளிவைப் பார்த்தே இன்னாருடையது என்பார்கள். கீரிமலைக் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டி செய்து வந்து, வீட்டில் சனத்துக்குக் கொடுக்கும் சாப்பாடும் முடிந்தபின் நீங்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள், யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். வெறும் சட்டியாகவும் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் அரிசியோ சீனியோ போடுங்கள், வளவில் மாங்காய் இருந்தால் அதுவும் நல்லது.

பெடியளுக்குக் காசு வேண்டாம். அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது வரும்போது கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்து நில்லுங்கள்.

வாசிகசாலைக்காரன்:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. கதிரையும் பெரிய சமையல் கிடாரமும் சனசமூக நிலையத்தினுடையவையா என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு வாடகை எடுப்பதில்லை, உடைந்ததற்கு மட்டும் கட்டவேண்டும். கதிரைகளை எண்ணிக் கொடுங்கள். கிடாரத்தில் கரி பிடித்திருந்தால் தேய்த்துக் கொடுங்கள், அடுத்த வீட்டுக்கு எந்த நேரமும் தேவைப்படும். காசு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் நிலையத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அப்பாவின் பெயரில் ஒரு வருடத்துக்கு உதயன், வலம்புரி பேப்பர்களை நிலையத்துக்குப் போட்டால், காலமையில் பேப்பர் பார்க்க வரும் வயதானவர்களுக்குப் பெரிய உதவி.

யாழ் டவுன்:
டவுன் பக்கம் இப்போது பலர் கடையில் பார்சல் எடுத்துக் கொடுக்கிறார்கள். குறை சொல்லமாட்டேன், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் என் மாமியின் செத்தவீட்டில், விடியப்புறமே சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கையில் கொடுத்த எதிர்வீட்டு ஆச்சியை இன்றும் எங்கள் வீட்டில் சொல்லுவோம்.

கொடிகாமத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கரியரைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லிவிட்டார். அம்மாவும் எழும்பி வந்து அவரோடு கொஞ்ச நேரம் கதைத்தார். கதிரைகள் நிலையத்தினுடையவைதான், ஒன்றின் கால் உடைந்திருக்கிறது. புதிதாக வாங்கிக் கொடுக்கிறேன். பேப்பர் விஷயத்தைச் செயலாளரிடம் நாளைக்கே கேட்கிறேன். பாத்திரங்களைக் கொடுத்து முடிக்கும்வரை லீவை நீட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.