ஒப்படைப் பட்டாவில் கிடைத்த மேட்டுக்கொல்லை: போர்வெல் போடலாமா?

கேள்வி (மேட்டுக்கொல்லை):
அணைக்கட்டுப் பக்கம் நிலமில்லாத ஒன்பது குடும்பங்களுக்கு, நில உச்சவரம்புச் சட்டத்தில் (ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு வரம்பு) எடுத்த உபரி நிலத்தில் ஆளுக்கு ஒரு ஏக்கர் ஒப்படை (அரசு நிபந்தனையோடு தரும் நிலம்) ஆகியிருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில், சரிவான செம்மண் சரளை. சீமைக்கருவேலம் மண்டித் தரிசாகக் கிடக்கிறது. ஒரு ஓரத்தைப் பக்கத்து நிலக்காரர் உழுகிறார். சிலர் கடன் வாங்கிப் போர் போடலாம் என்கிறார்கள். ஒருவரிடம் நிலத்தை விலைக்கும் கேட்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில் (சர்வே நம்பர்):
முதலில் எல்லைக்கல் ஊன்றுங்கள், போர் பிறகு. உச்சவரம்பு 1961-ல் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970-ல் 15 ஆனது. மிச்சத்தை விட்டவர்கள் பெரும்பாலும் கழனியை வைத்துக்கொண்டு மேட்டைத்தான் விட்டார்கள். அதனால் காகிதத்தில் ஓர் ஏக்கர், தரையில் யாருடையது என்று தெரியாத நிலை நிறைய ஊர்களில் உண்டு.

பட்டா, ‘அ’ பதிவேட்டு (ஊர் நிலங்களின் உரிமை, பரப்புப் பதிவேடு) நகல், புலப்பட (அளவைப் படம்) நகல் மூன்றையும் வாங்கி உட்பிரிவு எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்தால் அளவைக்குக் கட்டணம் கட்டி மனுக் கொடுங்கள். பக்கத்து நிலக்காரருக்கு நோட்டீஸ் போன பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்ட கல் நிற்காது. யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் பழைய உரிமையாளர் பெயரே ஏறியிருந்தால் சர்வேயர் ஒன்றும் செய்ய முடியாது, மாவட்ட வருவாய் அலுவலருக்குத் திருத்த மனுப் போட வேண்டும். ஜமாபந்தியில் (வருஷா வருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

விற்பனை கூடவே கூடாது. வெள்ளைத்தாளில் ‘அக்ரிமென்ட்’ எழுதினாலும் நிபந்தனை மீறலுக்கு அதுவே சாட்சி, ஒப்படையே ரத்தாகலாம். நிலம் தரிசாகவே கிடப்பதும் அதே ஆபத்துதான். பயிர் வைத்து அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கு) ஏற்றுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கும் அந்த அடங்கல்தான் வேண்டும்.

பதில் (செம்மண்):
மண்ணைப் பற்றி. ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். சரிவில் அது மேல்மண்ணோடு ஓடிவிடுகிறது. டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துச் சரிவுக்குக் குறுக்கே கோடு போட்டு, 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி மண்ணைத் தாழ்வான பக்கம் கரையாகப் போடுங்கள். ஒரே நீளமாக வெட்டாதீர்கள், 5 மீட்டருக்கு ஒரு திட்டு விடுங்கள். மட்டம் கொஞ்சம் தப்பினாலும் நீளக்குழியில் தண்ணீர் ஒரே மூலைக்குப் போய்க் கரையை உடைக்கும். 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் தனியார் நிலத்தில் இந்த வேலைக்கு அனுமதித்தவர்களில் நிலச்சீர்திருத்தப் பயனாளிகளும் உண்டு. ஊராட்சியில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். முதல் வருஷம் கொள்ளு போதும். அடுத்த ஆடியில் மல்லாட்டை (நிலக்கடலை): ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு, ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. ஜிப்சம் 160 கிலோ, பாதி அடியுரமாக, பாதி 40–45-ம் நாள் செடியடியில் மண் அணைக்கும்போது. சுண்ணாம்புச்சத்து குறைந்தால் காய் பொக்காகும். மண் அணைத்த பிறகு களைக்கொத்து போடாதீர்கள், மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுது அறுந்துவிடும். முதல் மழைக்குப் பின் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் அந்துப்பூச்சி கிளம்பும். அந்த வாரமே ஊர் முழுக்க விளக்குப்பொறி வைக்க வேண்டும், ஒரு கொல்லையில் மட்டும் வைத்துப் பயனில்லை.

பதில் (வேலிக்கால்):
கடன் வாங்கிப் போர் வேண்டாம். நம் பக்கம் பாறை, வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். 10 மீட்டர் இடைவெளியில் மா வைத்தால் ஏக்கருக்கு 40 கன்று. கோடையில் வாரம் கன்றுக்கு 20 லிட்டர் என்றால் 800 லிட்டர், டிராக்டர் டேங்கரில் முடிகிற வேலை. கன்றுகளுக்கு நடுவே முதல் ஐந்து வருஷம் மல்லாட்டையும் காராமணியும் வரும்.

ஆடு மேயாமல் இருந்தால்தான் இதெல்லாம். ஒன்பது பேரும் தனித்தனியாக வேலி போட்டால் சுமார் 2,290 மீட்டர். ஒன்பதும் சேர்ந்து ஒரே சதுரமாக இருந்தால் 763 மீட்டர்தான். மழைக்காலத்தில் கிளுவைப் போத்து (நடுகிற கிளைத்துண்டு) ஒரு அடிக்கு ஒன்று நடுங்கள். உள்ளே எல்லைக்கல் மட்டும் போதும், ஆனால் வேலிச் செலவைப் பிரிப்பதை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.