கேரவன் மூலையில் தரை அமுங்குகிறது: இந்த மழையிலேயே பிரிக்கலாமா?

மலைச்சரிவு (கோத்தகிரி)
வணக்கம். மாமா விட்டுப் போன இழுவைக் கேரவன் ஒன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நிற்கிறது. 14 அடி நீளம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம், அதன்மேல் பிளைவுட். எங்கேயும் இழுத்துக்கொண்டு போவதில்லை, விருந்தாளி வந்தால் படுக்கிற அறை, அவ்வளவுதான். இப்போது பின்பக்கக் கட்டிலுக்கு அடியில், இடது மூலைத் தரையை விரலால் அழுத்தினால் டீயில் ஊறின ரஸ்க் மாதிரி அமுங்குகிறது. சுவரில் சன்மைக்கா உப்பி நிற்கிறது, மெத்தையைத் தூக்கினால் பூஞ்சணம். கூரை மேலே ஏறி என் வீட்டுக்காரர் பார்த்தார், ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஐப்பசி மழை விடுகிற மாதிரி இல்லை, தச்சரோ உடனே தரையைப் பிரித்துப் புதுப் பலகை போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா? இல்லை, தார்ப்பாய் போர்த்தித் தை வரை விட்டுவிடலாமா?

குன்னூர்க்காரன்
மேலே எல்லா இணைப்பிலும் சிலிக்கான் அடித்து, தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் ஷெட்டுக்கு அப்படித்தான் செய்தோம்.

பட்டறைப்பழசு (மேட்டுப்பாளையம்)
சிலிக்கான் வேண்டவே வேண்டாம் அம்மணி. கொஞ்ச நாளில் ஓரம் பிரிந்துவிடும், அப்புறம் அது இருந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் பிடிக்காது, சுரண்டியே கை ஓய்ந்துபோகும். தார்ப்பாயும் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் கெடுதல்தான், மேகம் இறங்குகிற ஊரில் அடியில் வியர்த்துக்கொண்டே இருக்கும். நாலு கால் நட்டு, கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுத் தகரம் போடுங்கள். முதல் வேலை அது.

நான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவன், அங்கேயும் இதே கதைதான்: ஈரம் தெரிகிற இடம் ஒன்று, தண்ணீர் நுழைகிற இடம் வேறொன்று. கூரையும் சுவரும் சேருகிற விளிம்பில் ஓர் அலுமினியப் பட்டை ஓடுமே, அதில் ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்தாலே போதும், தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கி, மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே பல அடி தள்ளிப் போய், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த மூலையில் தேங்கும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இடது பின்பக்கம்தான் தாழ்ந்திருக்கும்.

தகரம் போட்டுச் சுவர் கொஞ்சம் உலர்ந்ததும் ஹோஸ் பிடித்துச் சோதியுங்கள். பலபேர் நேரே கூரையில் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், அப்படி ஊற்றினால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கீழே ஆரம்பியுங்கள்: முதலில் சக்கர மட்டம், பத்து நிமிஷம், அப்புறம் ஜன்னலின் கீழ் விளிம்பு, மறுபடி பத்து நிமிஷம், அப்படியே மேலே. உள்ளே உப்பின பிளைவுட்டைப் பிய்த்துவிட்டுச் சட்டத்தின் மேல் விபூதி தூவி வையுங்கள், ஒரு துளி ஓடினாலும் கோடு தெரியும். பீய்ச்சி அடிக்காதீர்கள், மழை அப்படிப் பெய்யாது.

உறைபனி (ஊட்டி)
அக்கா, உள்ளே கேஸ் ஹீட்டர் போடுகிறீர்களா? கசிவே இல்லாமல் இப்படி ஆன வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும், இரவில் அது குளிர்ந்த தகட்டில் பட்டு உள்பக்கமே வழியும். ஓதம் இருக்கிற சுவரில் சமையல் ஃபாயில் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். அறைப்பக்கம் நீர் முத்து நின்றால் நம் ஆவி, ஃபாயிலுக்குப் பின்னால் இருந்தால் சுவருக்குள் இருந்து வருகிற ஈரம். ஹீட்டரோ கரிக் கணப்போ, ஜன்னலை மூடிக்கொண்டு வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது, அது உயிர் விஷயம்.

மலைச்சரிவு
ஹீட்டர் போடுவோம், ஆனால் எப்போதாவதுதான். ஃபாயிலுக்குப் பின்பக்கம்தான் ஈரம். தகரம் போட்டாயிற்று. ஹோஸ் சோதனையில் ஜன்னல் வரை ஒன்றும் இல்லை, பின்பக்க உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கைத் தாண்டினதும் விபூதியில் கோடு! விளக்கைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வாசர் பொடிப்பொடியாக உதிர்கிறது, வயர் போகிற ஓட்டை அப்படியே திறந்து கிடக்கிறது. அடைத்துவிட்டுத் தரையைப் போட்டுவிடலாமா அண்ணா?

பட்டறைப்பழசு
அடைக்கலாம், புதுத் தரை இப்போது வேண்டாம். உளுத்ததை மட்டும் வெட்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போங்கள், முனை இறங்காத நல்ல மரம் வருகிற வரைக்கும், அதற்கும் அடுத்த இரும்புக் குறுக்குச் சட்டம் வரைக்கும் வெட்டுங்கள், புதுப் பலகையின் இணைப்பு அந்த இரும்பின் மேல் உட்கார வேண்டும், அந்தரத்தில் நின்றால் கால் வைத்ததும் ஆடும். பிறகு திறந்தே விடுங்கள். ஈரப்பத மீட்டரில் மரம் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், கோத்தகிரி மழைக்காலக் காற்றில் அது லேசில் இறங்காது. தை, மாசி வெயிலில் இறங்கும். காய்ந்த சட்டத்தில் பூஞ்சைக்கு மருந்தாக வெங்காரத்தை (போராக்ஸ்) வெந்நீரில் கரைத்துப் பூசுங்கள், நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பிளீச்சிங் பவுடர் மேலே வெளுக்கும், மரத்துக்குள் போகாது. பலகை ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்குகிற பிளைவுட், வாங்குங்கள், வெட்டின விளிம்பில் எபாக்சிப் பசை பூசாமல் மாட்டாதீர்கள், தண்ணீர் குடிப்பது அந்த விளிம்புதான். தோட்டத்தில் சாய்ந்த சில்வர் ஓக் சும்மா கிடக்கிறதே என்று பச்சை மரத்தைச் சட்டத்துக்கு வைத்துவிட வேண்டாம்.

மலைச்சரிவு
தச்சர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்! சரி, விளக்கு ஓட்டைக்கு என்ன வைப்பது?

பட்டறைப்பழசு
பியூட்டில் டேப், இறுகிப் போகாத ரப்பர்ப் பசை நாடா. கார் முன்கண்ணாடி மாட்டுகிற கடையில் கறுப்பாகச் சுருளாகக் கிடைக்கும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, விளக்குக்கு அடியில் சுற்றி வைத்து ஸ்க்ரூவை மெதுவாக முறுக்குங்கள், நாலு பக்கமும் பிதுங்கி வர வேண்டும். குளிரில் விறைத்திருக்கும், கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் வளையும். வலது பக்க விளக்கையும் கழற்றிப் பாருங்கள், அதே வயசு ரப்பர்தானே.